டாஸ்க் மேனேஜர் காட்டற ஒரு சதவீதத்தை நம்பி லேப்டாப்பை ஒதுக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் சேலம் குகையில இருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் பொழப்பு. செவ்வாப்பேட்டை வெள்ளிக் கடைங்க, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லுங்க, தறிப் பட்டறை ஆபீஸுங்கன்னு எங்க மிஷின் மக்கர் பண்ணாலும் ஓடுவேன். உங்க பேப்பர் வீட்டுக்கு தினம் வருது. போன வாரம் கம்ப்யூட்டர் டிப்ஸ் பகுதியில ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க, விண்டோஸ்ல எது எவ்வளவு வேலை வாங்குதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு, அதான் பிராசசர், எத்தனை சதவீதம்னு பாருங்க, 90க்கு மேலயே நின்னா பிராசசர் பலவீனமாயிருச்சு புதுசு வாங்கற நேரம் வந்தாச்சு, கம்மியா இருந்தா பிராசசர்ல கோளாறே இல்ல, அப்புறம் சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்னு ஒண்ணு 95 சதவீதத்தைத் தின்னுட்டிருந்தா அதை எண்ட் டாஸ்க் குடுத்து நிறுத்துங்கன்னு. மூணுமே தப்புங்க. இதைப் படிச்சுட்டு எத்தனை பேரு நல்ல மிஷினை வித்துட்டு கடன் வாங்கிப் புதுசு எடுப்பாங்கன்னு நெனைச்சா மனசு கேக்கல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போனாலும் பொறுத்துக்கங்க.

இந்த வருஷம் மே மாசம் எங்க வீட்டுலயே நடந்ததைச் சொல்றேன். எங்கக்கா வீடு அம்மாப்பேட்டையில, மாமா தறி ஓட்டறாரு, முன்னாடி தறி, பின்னாடி வீடு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. அக்கா மக காலேஜ் ரெண்டாவது வருஷம், அவளுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின லேப்டாப்பு ஒண்ணு. அது திடீர்னு நகரவே மாட்டேங்குது, டைப் பண்ணா எழுத்து ரெண்டு செகண்டு கழிச்சு வருது. நான் அந்த சமயம் மில்லு வேலையா வெளியூர்ல இருந்தேன், அதனால மாமா பக்கத்துல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு. அவங்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்துட்டு, சிபியு 33 சதவீதம்தான் இருக்கு, பிராசசருக்கு வேலையே இல்ல, ஆனாலும் ஸ்லோவா இருக்குன்னா போர்டு போயிருச்சு, புதுசு எடுத்துக்கங்க, நாப்பதாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. மாமா அன்னைக்கு ராத்திரியே சீட்டு எடுக்கலாமான்னு யோசிச்சிட்டிருந்தாராம்.

நான் போனதும் பாப்பா ஒரு வார்த்தை சொன்னா. "மாமா, போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட ஏற்காடு போனப்ப ரூம்ல வச்சு ப்ராஜெக்ட் பண்ணேன், அங்க நல்லா ஓடுச்சு, வீட்டுக்கு வந்தாதான் இப்படிப் பண்ணுது." இருவது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா சரியாயிடற மிஷினுக்கு போர்டு எப்படிப் போயிருக்கும்?

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல 33 சதவீதம்தான், கடைக்காரங்க பாத்தது அதைத்தான், அதுல பொய் இல்ல. ஆனா அதுக்குக் கீழயே ஸ்பீடுன்னு ஒண்ணு போட்டிருக்கும், 0.79 கிகாஹெர்ட்ஸ். வலது பக்கம் பேஸ் ஸ்பீடு, அதாவது வழக்கமா ஓட வேண்டிய ஸ்பீடு, 2.40. அடுத்து டீடெயில்ஸ் பக்கம் போயி, பிராசசர் சும்மா இருக்கற நேரத்தைக் காட்டற சிஸ்டம் ஐடில் ப்ராசஸைப் பாத்தேன், 01, சில சமயம் 00. அதாவது ஒரு பக்கம் மூணுல ஒரு பங்கு வேலைதான்னு சொல்லுது, இன்னொரு பக்கம் சும்மா இருக்கற நேரம் ஒரு சதவீதத்தைத் தாண்டவே இல்லன்னு சொல்லுது. ஒரே மிஷின், ஒரே நிமிஷம், ரெண்டு கணக்கு.

இது எதுக்குன்னா, விண்டோஸ்ல சிபியு கணக்கு ரெண்டு விதம் இருக்குங்க. ஒண்ணு நேரக் கணக்கு, நூறு செகண்டுல எத்தனை செகண்டு பிராசசர் ஏதோ ஒரு வேலையில இருந்துச்சு, எத்தனை செகண்டு சும்மா இருந்துச்சுங்கறது. இன்னொண்ணு யூட்டிலிட்டின்னு சொல்றது, வேலையில இருந்த நேரத்தோட எந்த ஸ்பீடுல ஓடுச்சுங்கறதையும் சேர்த்துப் போடறது. பேஸ் ஸ்பீடுல நேரம் பூராவும் ஓடினா அதுக்கு 100. டர்போவுல அதுக்கு மேல ஓடினா 100ஐத் தாண்டியும் போகும், டாஸ்க் மேனேஜர் அதை 100லயே நிறுத்திக் காட்டும். ஸ்பீடு குறைஞ்சு ஓடினா, ஒரு நொடி கூட ஓய்வில்லாம ஓடினாலும் 100 வராது. 2.40ல 0.79ன்னா மூணுல ஒரு பங்கு, அதான் 33. அந்த மிஷின் முழு மூச்சா ஓடிட்டு இருந்துச்சு, அதோட மூச்சே மூணுல ஒரு பங்காயிருச்சு. விண்டோஸ் 8லேர்ந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் இந்த யூட்டிலிட்டி கணக்கைத்தான் காட்டிட்டு இருந்துச்சு, டீடெயில்ஸ் பக்கம் பழைய நேரக் கணக்கு. 2025ல வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுலதான் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே நேரக் கணக்கா மாத்தி, யூட்டிலிட்டிய வேணுங்கறவங்க மட்டும் டீடெயில்ஸ் பக்கத்துல தனிப் பத்தியா வச்சுக்கலாம்னு பண்ணாங்க. பாப்பா மிஷின் விண்டோஸ் 10, அதுல பழையபடிதான்.

சரி ஸ்பீடு ஏன் குறைஞ்சுது, சூடு. பிராசசர் ஒரு அளவுக்கு மேல சூடானா தன்னைக் காப்பாத்திக்க தானே ஸ்பீடைக் குறைச்சுக்கும். அடி மூடியைக் கழட்டி ஃபேனை எடுத்தேன். ஃபேனுக்கும் அந்த மெல்லிசு தகடு வரிசைக்கும் நடுவுல தறிப் பஞ்சு, அப்படியே கம்பளித் துண்டு மாதிரி அடைஞ்சு போயிருக்கு, சாயம் போட்ட நூல்லேர்ந்து பறந்தது போல அங்கங்க ரோஸ் கலர், நீலக் கலர் எல்லாம் தெரியுது. ட்வீசரால பிடிச்சு இழுத்தா துண்டாப் பிய்யாம ஒரே பட்டையா வந்துச்சு, விரல் நீளம். காத்து ஒரு சொட்டு போக வழியில்ல. ப்ளோயர் அடிச்சு, பிராசசர் சூட்டைக் கடத்தற பழைய பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசு வச்சு மூடினேன், மொத்தம் ஒரு மணி நேரம், பேஸ்ட்டு காசு மட்டும்தான் செலவு. ஆன் பண்ணா ஸ்பீடு 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போகுது, ஐடில் ப்ராசஸ் 80க்கு மேல நிக்குது. அக்கா காப்பி கொண்டாந்து வச்சுட்டு அந்தப் பஞ்சுப் பட்டையைக் கையில எடுத்து எடுத்துப் பாத்துச்சு. மலையில குளிரு, அதனால அடைப்பு இருந்தும் சமாளிச்சிருக்கு, ஷீட்டு வீட்டு வெக்கையில முடியல, அவ்வளவுதான்.

இப்ப சொல்லுங்க, அந்த ஐடில் ப்ராசஸை எண்ட் டாஸ்க் குடுக்கச் சொல்றது எவ்வளவு தப்பு. முதல்ல அதை முடிக்கவே முடியாது, விண்டோஸ் விடாது. அது ஒரு ப்ரோகிராமே கிடையாது, வேற யாருக்கும் பிராசசர் தேவைப்படாத நேரத்தை எழுதி வைக்கற கணக்கு. அது 95ன்னா பிராசசர் 95 சதவீத நேரம் ஓய்வுல இருக்குன்னு அர்த்தம், அந்த நேரத்துல பிராசசர் தூங்கி கரண்ட்டை மிச்சம் பண்ணிட்டு இருக்கும். மேல சொன்ன கதையில எனக்கு உண்மையைச் சொன்னதே அந்த ஐடில் வரிதாங்க.

இந்த சதவீதம் எப்படி வருதுங்கறதை உங்க வாசகருங்களுக்கு ஒரு தடவை சொல்லிட்டா பாதிக் குழப்பம் தீரும். பிராசசர்ல சதவீதம் காட்டற முள்ளு எதுவும் கிடையாது. பிராசசருக்குள்ள தனித்தனியா வேலை பாக்கற பகுதிங்களைத்தான் கோர்னு சொல்றோம், ஒரு கோர் அந்த நொடியில ஒண்ணு ஓடும், இல்ல சும்மா இருக்கும், நடுவுல 40 சதவீதம் ஓடறதுன்னு ஒரு நிலையே இல்ல. அப்ப சதவீதம் எங்கேர்ந்து வருதுன்னா நம்ம இபி மீட்டர் மாதிரிதான், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ரீடிங் எடுத்து பழைய ரீடிங்கைக் கழிச்சு யூனிட் போடறாங்கல்ல, அதே வேலை. விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ்ல ப்ராக் ஸ்டாட்னு ஒரு ஃபைல் இருக்கு, டிஸ்க்குல இருக்கற ஃபைல் இல்ல, கேக்கும்போது கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதி, எழுதித் தர்றது. அதுல மிஷினை ஆன் பண்ண நேரத்துலேர்ந்து ஒவ்வொரு கோரும் யூசர் வேலையில, அதாவது நம்ம ப்ரோகிராமுங்களுக்கு, எவ்வளவு, சிஸ்டத்தோட சொந்த வேலையில எவ்வளவு, ஐடில் எவ்வளவுன்னு கூட்டிக்கிட்டே போற எண்ணுங்க, சாதாரணமா செகண்டுல நூத்துல ஒரு பங்கு ஒரு யூனிட்டு. லினக்ஸ்ல டாஸ்க் மேனேஜர் மாதிரி இருக்கற டாப்ங்கற ப்ரோகிராம் மூணு செகண்டுக்கு ஒரு தடவை அதைப் படிச்சு பழசைக் கழிக்குது. நாலு கோர் மிஷின்ல மூணு செகண்டுக்கு மொத்தம் 1200 யூனிட் ஓடும், அதுல ஐடில் 900 ஏறியிருந்தா மீதி 300, அதாவது 25 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. ரெண்டு மாச பில்லைப் பாத்து எந்த ராத்திரி ஏசி ஓடுச்சுன்னு சொல்ல முடியாதுல்ல, அதே மாதிரி அந்த மூணு செகண்டுக்குள்ள அரை செகண்டு நாலு கோரும் திணறியிருந்தாலும் சராசரியில கரைஞ்சு போயிரும். லினக்ஸ்லயே விஎம்ஸ்டாட்னு ஒரு கமாண்டு இருக்கு, அது காட்டற முதல் வரி மிஷினை ஆன் பண்ணதுலேர்ந்து இன்னிக்கு வரைக்குமான சராசரி, அதைப் பாத்து இப்ப நிலவரம்னு முடிவு பண்ணவங்களையும் நான் பாத்திருக்கேன், ரெண்டாவது வரியிலேர்ந்துதான் பாக்கணும்.

அந்த யூனிட்டை யார் பேர்ல எழுதறதுங்கறதுல இன்னொரு சங்கதி இருக்கு. பட்டறையில மேஸ்திரி அப்பப்ப உள்ள எட்டிப் பாத்து, அந்த நேரத்துல தறியில யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க பேர்ல அந்த முழு நேரத்தையும் எழுதிட்டுப் போனா எப்படியோ, பழைய முறை அப்படித்தான். விண்டோஸ்ல வழக்கமா செகண்டுக்கு 64 தடவை, லினக்ஸ்ல எப்படி செட் பண்ணியிருக்கோ அதைப் பொறுத்து 100, 250, 1000 தடவை டைமர் அடிக்கும், அடிக்கற நொடியில ஓடிட்டு இருந்தவன் பேர்ல கணக்கு. மேஸ்திரி தலை மறைஞ்சதும் வந்து வேலை பாத்துட்டு அவர் திரும்ப வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போறவன் பேரு நோட்டுலயே ஏறாது, யாரோ இன்னொருத்தன் தலையில விழும். இதை சரி பண்ணத்தான் விண்டோஸ் விஸ்டாவுலேர்ந்து ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது ப்ரோகிராமுக்குள்ள தனியா ஓடற ஒவ்வொரு வேலை இழையும், ஓடின பிராசசர் துடிப்பை எண்ண ஆரம்பிச்சாங்க, லினக்ஸ்லயும் யாருக்கு எப்ப பிராசசர்னு முறை வைக்கற ஷெட்யூலர் 2007ல புதுசா வந்தப்பலேர்ந்து ஒவ்வொரு ப்ராசஸும் ஓடின நேரத்தை நானோ செகண்டுல வச்சிருக்கு. ஆனாலும் யூசர் எவ்வளவு சிஸ்டம் எவ்வளவுன்னு பிரிக்கறது இன்னிக்கும் பல மிஷின்ல அந்த டைமர் அடிக்கறதை வச்சுத்தான். அதனால ஒண்ணு ரெண்டு சதவீத வித்தியாசத்தை எல்லாம் பெருசா எடுத்துக்கவே கூடாதுங்க.

கம்மியா இருந்தா கோளாறே இல்லன்னு போட்டிருந்தீங்கல்ல, அதுக்கும் ஒரு உதாரணம் சொல்றேன். செவ்வாப்பேட்டையில ஒரு கொலுசு வியாபாரி, பழைய நாலு கோர் மிஷின். மாசக் கடைசியில ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தா முக்கால் மணி நேரம் ஆகுது. சிபியு பாத்தா 25லயே நூல் பிடிச்ச மாதிரி நேர்கோடு, ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. எல்லாரும் 25தானே, நெட்டு ஸ்லோ, வைரஸ்னு என்னென்னமோ சொல்லியிருக்காங்க. நாலு கோர்ல 25னா ஒரு கோர் முழுசுங்க. அந்த பில்லிங் சாஃப்ட்வேர் பழசு, ஒரே த்ரெட்டுல ஓடுது, மீதி மூணு கோரும் சும்மா நின்னு வேடிக்கை பாக்குது. பத்து கோர் மிஷின் வாங்கிப் போட்டாலும் அந்த ரிப்போர்ட்டுக்குப் பெரிய மாத்தம் வராது, அங்க 10 சதவீதம்னு காட்டும், அவ்வளவுதான். கிராஃப் மேல ரைட் க்ளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசசர்னு மாத்தினா ஒவ்வொரு கோரும் தனித்தனி கட்டமா தெரியும். வேலை ஒரு கட்டத்துலேர்ந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவிட்டே இருக்கும், அதனால ஒரே கட்டம் முழுசா நிறைஞ்சு நிக்கும்னு எதிர்பாக்காதீங்க, மொத்தம் அசையாம 25லயே நிக்கறதுதான் அடையாளம். பழைய வருஷ டேட்டாவைப் பிரிச்சுத் தனி கம்பெனியா வச்சோம், ரிப்போர்ட் ஆறு நிமிஷத்துல வருது, மிஷின் அதே மிஷின்தான். இதுல இன்னொரு குழப்பம், அதே ப்ரோகிராமை லினக்ஸ் டாப்புல பாத்தா 100ன்னு காட்டும், அங்க ஒரு கோருக்கு 100, நாலு கோருக்கு 400 வரை போகும். மேக்லயும் அப்படித்தான். விண்டோஸ் மொத்தத்தால வகுத்துக் காட்டுது.

டிஸ்க்கு விஷயமும் இதே கதைதான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட் போடற தள்ளுவண்டியில, மாஸ்டரு கை எப்படி ஓடும்னு உங்களுக்கே தெரியும். ஆனா சட்னி தீந்து போச்சு, வீட்டுலேர்ந்து வரணும்னா அவரு கையைக் கட்டிட்டு நிப்பாரு, சுத்தி பதினைஞ்சு பேரு நிப்பாங்க. அந்த நேரம் மாஸ்டரு சும்மா இருக்காருன்னு எழுதினா கணக்கு சரி, ஆனா வண்டியில வேலை இல்லன்னு முடிவு பண்ணா தப்பு. பழைய ஹார்டு டிஸ்க் மிஷினுங்கள்ல சிபியு 5, டிஸ்க் 100ன்னு நிக்கும் பாருங்க, அதான் இது, சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கு, எஸ்எஸ்டி ஒண்ணு போட்டா மிஷின் எந்திரிச்சு ஓடும். லினக்ஸ்ல இந்தக் காத்திருப்பை ஐஓ வெயிட்னு தனியா எழுதறாங்க, ஆனா அது நம்பத் தகுந்த எண் இல்லன்னு லினக்ஸோட மேனுவல்லயே போட்டிருக்கு, வேற ஒரு வேலை வந்து அந்த கோரைப் பிடிச்சுட்டா ஐஓ வெயிட் குறைஞ்ச மாதிரி தெரியும், டிஸ்க்கு என்னவோ அதே திணறல்லதான் இருக்கும். ஒரு ஜவ்வரிசி மில்லு லினக்ஸ் சர்வர்ல லோடு ஆவரேஜ், அதாவது ஓடிட்டும் ஓடக் காத்துட்டும் இருக்கற வேலைங்களோட சராசரி எண்ணிக்கை, 8ன்னு நின்னுச்சு, சிபியு 4 சதவீதம். பயந்து போயி ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாங்க. லினக்ஸ்ல மட்டும் 1993லேர்ந்து லோடு ஆவரேஜ்ல டிஸ்க்குக்காக அசையாம நிக்கற வேலைங்களையும் சேர்த்து எண்ணுவாங்க. பேக்கப் எடுக்கற டிஸ்க்கு கேபிள் லூஸ், எட்டு வேலைங்க அதுக்காகக் காத்துட்டு நின்னுருக்கு.

90க்கு மேல போனா பலவீனம்ங்கறதும் அப்படித்தான். கல்யாண வீடியோ எடிட் பண்ணி ரெண்டர் போட்டா சிபியு 100 போகணும், போனாதான் காசு குடுத்து வாங்கின பிராசசர் முழுசா உழைக்குதுன்னு அர்த்தம், 60லயே நின்னா எது தடுக்குதுன்னு தேடணும். அந்த 100லயும் உள்ள பாத்தா, பிராசசர் மெமரியிலேர்ந்து டேட்டா வர்றதுக்காக நிக்கற நேரமும் வேலை நேரமாத்தான் எழுதப்படுது, டிஸ்க்குக்கு நின்னா ஐடில், ரேமுக்கு நின்னா பிஸி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அந்த வித்தியாசம் வெளியிலேர்ந்து தெரியாது. அதைப் பாக்க பிராசசருக்குள்ள இருக்கற கவுண்ட்டருங்களைப் படிக்கற டூல் தனியா வேணும்.

கடைசியா ஃபோன் பத்தி, ஏன்னா உங்க பேப்பர்லயே சிபியு பூஸ்டர், கூலர் ஆப்பு விளம்பரமெல்லாம் வருது. 2017ல வந்த ஆண்ட்ராய்டு 8லேர்ந்து, நாம இன்ஸ்டால் பண்ற சாதாரண ஆப்பு எதுவும் நான் மேல சொன்ன ப்ராக் ஸ்டாட் ஃபைலைப் படிக்க முடியாதபடி கூகுள் அடைச்சிருச்சு. மீட்டரே பாக்க முடியாதவங்க ரீடிங் சொல்றாங்கன்னா அது எந்தக் கணக்கு? சிலது ஃப்ரீக்வன்சிய, அதாவது பிராசசர் ஸ்பீடை, மட்டும் பாத்துக் குத்துமதிப்பா ஒரு சதவீதம் போடுது. அதுல சிவப்பா 87ன்னு காட்டி, பட்டனை அமுக்கினதும் பச்சையா 23ன்னு காட்டறதைப் பாத்து எங்க தெருவுல வயசானவங்க சந்தோஷப்படறாங்க, நடுவுல நாலு விளம்பரம் பாத்துட்டு. அந்த விளம்பரத்தையாவது நீங்க வாங்காம இருக்கலாம்ங்க.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம். அந்தப் பெட்டிச் செய்திக்கு அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க. அதுல சதவீதத்தோட சேர்த்து ஸ்பீடு, டிஸ்க்கு, ஒவ்வொரு கோரும் தனியா, இந்த மூணையும் பாக்காம எந்தக் கடையிலயும் மிஷினை மாத்த ஒத்துக்காதீங்கன்னு எழுதுங்க. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, இளம்பிள்ளை பக்கம் தறி ஓடற வீடுங்களுக்குத் தனியா ஒரு வரி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லேப்டாப்பு ஃபேனைத் திறந்து பஞ்சை எடுக்கச் சொல்லுங்க. திருத்தம் எழுதறதுக்கு ஸ்க்ரீன்ஷாட் வேணும்னா பாப்பா மிஷின்ல அன்னைக்கு எடுத்தது ரெண்டு என்கிட்ட இருக்கு, 0.79 காட்டினதும் அடுத்து 3க்கு மேல போனதும், ஆபீஸுக்கே கொண்டாந்து தர்றேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குகை, சேலம்.